வரிப்புத்தகத்தில் இல்லாத வீடுகள்

1

அண்மையில் ஒரு இலக்கியக் கூட்டம். பேசிய நண்பர் முற்போக்காளர், நல்ல மனிதரும்கூட. பேச்சின் நடுவே, "என்ன இருந்தாலும் சின்ன ஊரு மாதிரி வராதுங்க. ஒரு சாவு விழுந்தா ஊரே வந்து நிக்கும். சிட்டியில பக்கத்து வீட்டுக்காரன் பேருகூடத் தெரியாது" என்றார். கூட்டம் தலையாட்டியது. நானும் பழக்கதோஷத்தில் தலையாட்டப் போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். எங்கள் வீட்டுச் சாவுக்கு எந்த ஊர் வந்து நின்றது?

2017இல் என் ஆயா செத்தபோது காலனி வந்தது. ஊர் வரவில்லை. கடைவீதி வழியாகப் பிணம் போகக் கூடாது என்பது எழுதாத சட்டம். ஆகவே தண்டவாளத்தைத் தாண்டி, தோல் ஷாப்புத் தண்ணி ஓடுகிற ஓடைக்கரை ஓரமாகவே தூக்கிப்போனோம். கடைவீதியில் இருந்த அத்தனை பேருக்கும் ஆயாவின் பேர் தெரியும். யார் பெண்டாட்டி, யார் மருமகள், எந்த வீடு, எல்லாமே தெரியும். தெரிந்ததால்தான் அந்தப் பாதை.

பேர் தெரியாமல் இருப்பது நண்பருக்குக் குறையாகப் படுகிறது. எங்களுக்கோ அது பல சமயம் மூச்சு விடக் கிடைக்கிற இடம். சின்ன ஊரின் நெருக்கம் என்று புகழப்படும் ஒன்று, யார் எங்கே நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும் ஏற்பாடுதானோ என்ற சந்தேகம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

இந்தக் கட்டுரையில் நான் செய்ய நினைப்பது எளிய காரியம். வட ஆற்காட்டில் இருக்கும் எங்கள் டவுனையும், எங்கள் சனம் உழைத்துக் கட்டிய ஒரு சிறுநகரத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது. அந்தச் சிறுநகரம் கோலார் தங்கவயல். இரண்டையும் ஒரே உடம்பில் அனுபவித்தவர் என் ஆயா. 1936இல் தங்கவயலின் சாம்பியன் ரீப்பில் பிறந்து, 1954இல் எங்கள் டவுனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். நகரத்திலிருந்து டவுனுக்கு வந்த அந்தக் கல்யாணத்தை ஒரு வரலாற்று ஆவணமாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

2

எங்கள் டவுனில் ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு கடைவீதி, வாரச்சந்தை, ஒரு சினிமா கொட்டாய், அம்மன் கோயில், மசூதி, ஏழெட்டுத் தோல் ஷாப்பு. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் காலனி. தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவர்கள், சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள், கடைவீதியைக் கூட்டுகிறவர்கள் எல்லாரும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் வருவார்கள். பகலில் டவுன் எங்களை உள்ளே வைத்திருக்கும். பொழுது சாய்ந்தால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடும்.

வைகாசியில் அம்மன் திருவிழா. அதற்கு ஒரு மாசம் முன்னால் தலைக்கட்டு வரி போடுவார்கள். நீளமான கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேர் தெருத்தெருவாக வருவார்கள். செட்டியார் தெரு, முதலியார் தெரு, கவுண்டர் தெரு, வண்ணாரத் தெரு, எல்லாவற்றுக்கும் புத்தகத்தில் பக்கம் உண்டு. எங்கள் காலனிக்குப் பக்கம் கிடையாது. வரி கேட்டு எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வந்ததில்லை.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது இதை ஏதோ சலுகை என்று நினைத்து அப்பாவிடம் சொன்னேன். "நம்மகிட்ட காசு கேக்கமாட்டாங்கப்பா, நல்லதுதானே?" அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். பிறகு அம்மாதான் விவரம் சொன்னாள். வரி கொடுத்தவன் வீட்டு வாசலில் தேர் நிற்கும், தேங்காய் உடைப்பார்கள். வரி வாங்கிவிட்டால் தேரை நிறுத்த வேண்டியிருக்கும். அதனால்தான் வாங்குவதில்லை.

அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். 1998இல் கடைவீதிக்குப் பக்கத்தில் ஒரு வீடு வாடகைக்குப் பார்த்தார். வீட்டுக்காரர் தங்கமாகப் பேசினார், அட்வான்ஸும் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் ஆள் மூலம் பணம் திரும்பி வந்தது. "தங்கச்சி மாப்பிள்ளைக்கு வேணுமாம், தப்பா நெனச்சுக்காதீங்க சார்." சின்ன ஊரில் ஒருவனின் சாதியைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போதும். டீக்கடையில் விசாரித்தாலே போதும். அப்பாவின் அப்பா சாவுக்குப் பறையடித்ததைப் பார்த்தவர்கள் அப்போது உயிரோடிருந்தார்கள். இந்தத் தகவல் அறியும் வலைக்குத்தான் நண்பர் 'நெருக்கம்' என்று பேர் வைக்கிறார்.

3

எம்.ஏ. தமிழ் படித்தவன் என்பதால் சொற்களில் கொஞ்சம் நிற்கிறேன். சேரி என்பது பழைய இலக்கியத்தில் இழிவான சொல் அல்ல. மக்கள் சேர்ந்து வாழுமிடம், அவ்வளவுதான். சோழர் கல்வெட்டுகளில் பார்ப்பனச்சேரி உண்டு. ஆனால் அதே சோழர் காலத்தில், ராஜராஜன் தஞ்சைப் பெரியகோயிலுக்கு ஊர்களை எழுதிவைத்த கல்வெட்டுகளில், ஊர்நத்தம் தனியாகவும் பறைச்சேரி, கம்மாணச்சேரி என்பவை தனியாகவும் வருகின்றன. தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. எந்த இடத்தில் வருகின்றன? வரி விதிக்கத் தக்க நிலத்தைக் கணக்கிடும்போது கழித்துவிட வேண்டிய நிலங்களின் பட்டியலில்.

வகுப்பில் இதைப் படித்தபோது எங்கள் டவுனின் வரிப்புத்தகம்தான் கண்முன் வந்தது. கல்வெட்டின் இறையிலியும் எங்கள் டவுன் திருவிழாவின் வரியும் ஒன்றல்ல. கல்வெட்டில் ஊர்நத்தத்துக்கும்தான் வரி இல்லை. ஆனால் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஊர் வேறு, நாம் வேறு என்று கல்லில் பிரித்து எழுதியாகிவிட்டது. 'ஊர் கூடித் தேர் இழுக்கணும்' என்று இன்றைக்கும் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அந்த 'ஊர்' என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. நமக்கு அது ஒரு விலக்கல் சொல்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியல் சட்டத்தை முன்வைத்துப் பேசியபோது அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றி என்ன சொன்னார் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். கிராமக் குடியரசு என்று உருகியவர்களின் நடுவே நின்றுகொண்டு, அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவெறியும் அடைந்துகிடக்கும் இடம் என்று அதைத் தள்ளினார். தனிமனிதனையே சட்டத்தின் அலகாக எடுத்துக்கொண்டதற்காக அவர் மகிழ்ந்தார். கிராமத்தைப் பற்றி அவர் சொன்னதை நாம் நிறைய பேசியிருக்கிறோம். டவுனைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை. கிராமத்தை விட்டு டவுனுக்கு வந்தாலே பாதி விடுதலை என்பது நம் இயக்கத்திலும் ஒரு பொதுப்புத்தியாக இருக்கிறது.

1978 ஜூலையில் விழுப்புரத்தில் நடந்தது அந்தப் பொதுப்புத்திக்கு விழுந்த அடி. விழுப்புரம் அன்று மாவட்டத் தலைநகர்கூட இல்லை. பெரிய ரயில் ஜங்ஷன், மண்டிகளும் கடைவீதியும் கொண்ட டவுன். கடைவீதியில் கிளம்பிய தகராறு சில நாளில் பெரிய காலனியின்மீது தாக்குதலாக மாறி, 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களும் செத்தவர்களும் அந்நியர்கள் இல்லை. ஒரே கடைவீதியில் தினமும் முகம் பார்த்தவர்கள். பேர் தெரிந்தவர்கள். கிராமத்தில் நிலம் செய்கிற வேலையை டவுனில் கடைவீதி செய்கிறது. மூட்டை தூக்குகிறவன் மூட்டை தூக்குகிறவனாகவே இருக்கும்வரை டவுன் அமைதியாக இருக்கும். அவன் பதில் பேசினால் டவுனுக்குள் ஒளிந்திருக்கும் கிராமம் வெளியே வந்துவிடும்.

4

இனி ஆயாவின் ஊருக்கு வருவோம்.

மைசூர் சமஸ்தானத்தின் கிழக்கு ஓரத்துப் பொட்டல் காட்டில் 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் தோண்ட வந்தது. பூமிக்கு அடியில் இறங்க ஆள் வேண்டும். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து எங்கள் சனம் போனது. பண்ணையடிமைகளாக, கடனாளிகளாக இருந்தவர்கள். பஞ்சமும் ஆண்டையும் துரத்த, கங்காணி கூப்பிட, நடந்தும் பின்னாளில் ரயிலேறியும் போனார்கள். 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, வயலுக்கு ரயில் பாதை வந்தது. 1902இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரமே வந்தது. நாட்டின் பெரிய நகரங்களில் பாதிக்கு விளக்கு எரியாத காலத்தில் தங்கவயல் எரிந்தது. ஆயா சொல்வார்: "லைட்டு எரிஞ்சது பங்களாவுலயும் மைன்லயும்டா. எங்க தட்டி வூட்ல சிம்னிதான்."

மூங்கில் தட்டியால் கட்டிய வரிசை வீடுகளுக்கு லைன் என்று பேர். மேட்டில் வெள்ளைக்காரனின் பங்களா, கிளப்பு. பள்ளத்தில் லைன்கள். கம்பெனி ஒன்றும் சமத்துவத்துக்காக அதைக் கட்டவில்லை. ஆனால் அங்கே ஒரு விசித்திரம் நடந்தது. எங்கள் சனம் பெரும்பான்மையாக இருந்த நகரம் அது. லைனுக்குப் பக்கத்தில் 'ஊர்' இல்லை. அங்கே ஒதுக்கிவைக்க முன்பே நின்றிருந்த அக்கிரகாரமோ, கோயில் வீதியோ, மிராசுதாரோ இல்லை. பத்து ஊர்ச் சேரிகளிலிருந்து வந்தவர்கள் ஒரு லைனில் இருந்தார்கள். ஒருவரின் தாத்தா யார், என்ன தொழில் செய்தார் என்பது அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியாது. நண்பர் குறை என்று சொன்ன அந்தத் 'தெரியாமை'யிலிருந்துதான் அங்கே ஒரு புதிய சமூகம் தொடங்கியது.

டவுனில் சமூக உணர்வு பிறக்கும்போதே கிடைத்துவிடுகிறது, அல்லது மறுக்கப்பட்டுவிடுகிறது. தங்கவயலில் அதைக் கட்ட வேண்டியிருந்தது. எதைக்கொண்டு கட்டினார்கள் என்று பாருங்கள். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் மாரிக்குப்பத்திலும், பிறகு சாம்பியன் ரீப்பிலும் அதன் கிளைகள் வேர்விட்டன. பண்டிதர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' மறு ஆண்டே 'தமிழன்' ஆனது. அதற்குத் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள்தான் முக்கியமான வாசகர்கள், சந்தாதாரர்கள். 1914இல் பண்டிதர் மறைந்த பின்பு பத்திரிகை தடுமாறி நின்றுபோனது. அதை 1926இல் தங்கவயலிலிருந்து மறுபடி கொண்டுவந்தவர் ஜி. அப்பாதுரையார். சாம்பியன் ரீப்பின் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களைச் சிறுசிறு புத்தகங்களாக அச்சிட்டது. நாள் முழுக்க நிலத்தடியில் பாறை குடைந்தவர்கள் சாயங்காலம் மேலேறி வந்து, நாம் யார், நம் பூர்வ சரித்திரம் என்ன என்று விவாதித்தார்கள். தமிழ் இலக்கிய வரலாற்றுப் பாடத்தில் இந்த நகரத்துக்கு எனக்கு ஒரு வரிகூடச் சொல்லித்தரவில்லை. ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999இல் வெளிவந்திருக்கிறது. நான் எம்.ஏ. படித்தது அதற்கும் பத்து வருஷத்துக்கு மேல் கழித்து.

ஆயாவின் நைனா சங்கத்துக்குப் போய்வருகிறவர். ஆயா சொன்னதை என் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன்:

"ஞாயித்துக்கெழம சாய்ந்தரம் எங்க லைன்ல ஒரு அண்ணன் பேப்பர் படிப்பாரு. ஆம்பளைங்க சுத்தி குந்திக்கினு கேப்பாங்க. எங்கம்மா அடுப்பாண்ட இருந்துக்கினே கேக்கும். பொண்ணு கலியாணம்னா அய்யரும் கெடயாது, ஒண்ணும் கெடயாது. சங்கத்து ஆளுங்க வந்து நடத்திவைப்பாங்க. எங்க நைனா வெள்ள ஜிப்பா போட்டுக்கினு ராபர்ட்சன்பேட்டை கடத்தெருவுல நடுவால நடந்து போவாரு. நானு அவரு வெரலப் புடிச்சிக்கினு போவேன். செருப்பு போட்டுக்கினுதான் போவேன்."

அந்தச் செருப்புக்குப் பிறகு வருகிறேன்.

1930 ஏப்ரலில் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனி ஏற்பாடு செய்தது. எங்களைக் குற்றப்பரம்பரை ஆக்கப் பார்க்கிறாயா என்று ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். வாரக்கணக்கில் சுரங்கம் நின்றது. அன்றைக்கு மைசூர் சமஸ்தானத்தில் தொழிற்சங்கச் சட்டமே கிடையாது, வயலில் பதிவுபெற்ற சங்கமும் கிடையாது. பிறகு எது அவர்களைச் சேர்த்துப் பிடித்தது? லைன். ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு. சீட்டுக் கட்டுகிற பெண்கள். சுரங்கத்தில் பாறை வெடித்து நிலம் குலுங்கினால், யார் புருஷன் உள்ளே இருக்கிறான் என்று பார்க்காமல் அத்தனை லைன் பெண்களும் ஷாப்டு வாசலுக்கு ஓடிய அந்தப் பழக்கம். கூலிக்காக மட்டுமில்லை, மானத்துக்காகவும் நடந்த வேலைநிறுத்தம் அது. டவுனில் இருந்த எங்கள் முன்னோர்களால் அன்று அப்படி ஒன்றை நினைத்தும் பார்த்திருக்க முடியாது.

1946 நவம்பர் 4 அன்று போலீஸ் சுட்டதில் ஆறு தொழிலாளர்கள் செத்தார்கள். ஆயாவுக்கு அப்போது பத்து வயது. "அன்னிக்கு எந்த லைன்லயும் அடுப்பு பத்தல" என்பது மட்டும்தான் அவருக்கு ஞாபகம். சரியாக இரண்டு வருஷம் கழித்து அதே தேதியில்தான் அண்ணல் கிராமத்தைப் பற்றி அந்த வார்த்தைகளைச் சொன்னார். சுதந்திர இந்தியாவில் இந்தியக் குடியரசுக் கட்சியின் சி.எம். ஆறுமுகத்தை இந்த நகரம் சட்டமன்றத்துக்கு அனுப்பியதும் இந்த வரலாற்றின் தொடர்ச்சிதான்.

இப்போது செருப்பு. 1954இல் கல்யாணமாகி, பங்காரப்பேட்டை, ஜோலார்ப்பேட்டை வழியாக ரயிலில் வந்து எங்கள் டவுன் ஸ்டேஷனில் இறங்கினார் ஆயா. பதினெட்டு வயது. காலில் நைனா வாங்கிக்கொடுத்த செருப்பு. கடைவீதி தொடங்கும் இடத்தில் மாமியார் சொன்னாராம்: "கழட்டிக் கையில எடுத்துக்க. இது உங்க ஊரு இல்ல."

"ஏன்னு கேட்டேன்டா. அதுக்கு அந்தம்மா ஒண்ணும் சொல்லல. எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க. கழட்டிட்டேன். ஒரு கையில துணி மூட்ட, ஒரு கையில செருப்பு. அன்னிக்குத்தான் நான் பறச்சின்னு எனக்குத் தெரிஞ்சிது."

5

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் எல்லாருக்கும் சௌகரியமாக இருக்கும். சின்ன ஊர் கெட்டது, நகரம் நல்லது என்று ஆகிவிடும். ஆனால் நாம் நம்மிடம் பொய் சொல்லக் கூடாது.

முதலில், அந்த நகரம் எங்கள் உடம்பைத் தின்ற நகரம். சாம்பியன் ரீப் சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே போனது. 1940களில் நடந்த மருத்துவப் பரிசோதனையில், பார்த்த தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்தது தெரியவந்தது. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் நோய். ஆயாவின் நைனாவும் ஐம்பது வயதுக்குள் இருமி இருமித்தான் செத்தார்.

இரண்டாவதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன். ஒருநாள் ஆயாவிடம், "லைன்ல எல்லாரும் ஒண்ணாத்தான் இருந்தீங்களா?" என்று கேட்டேன். "ஆமாடா, ஒரு வூட்டுக் கொழம்பு பத்து வூட்டுக்குப் போவும்" என்றார். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு அவரே சொன்னார்: "கக்கூசு வாரவங்க இருந்தாங்க. தெலுங்கு பேசுவாங்க. அவங்க லைன் தனி. காலைல வாளி எடுத்துக்கினு வருவாங்க. எங்கம்மா அவங்களுக்குத் தண்ணி ஒசக்க இருந்து ஊத்தும். சங்கத்துக்கு அவங்க வந்து நான் பாத்ததில்ல."

பெசவாடா வில்சன் 1966இல் பிறந்தது இதே தங்கவயலில். மலம் அள்ளும் வேலை செய்த குடும்பத்தில் வளர்ந்தவர். 1990களிலும் அந்த நகரத்தில் எடுப்புக் கக்கூசுகள் இருந்தன. அவற்றை ஒழிக்க அவர் அங்கே தொடங்கிய போராட்டம்தான் சஃபாய் கர்மசாரி அந்தோலன் என்ற நாடு தழுவிய இயக்கமாக வளர்ந்தது. 2016இல் அவருக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். பண்டிதரின் 'தமிழன்' வாசிக்கப்பட்ட, கைரேகை கொடுக்க மறுத்து மானம் காத்த அதே லைன்களின் மலத்தை, சொற்பக் கூலிக்கு இன்னொரு தலித் சாதி அள்ளிக்கொண்டிருந்தது. சாதியற்ற திராவிடன் என்றும் பூர்வ பௌத்தன் என்றும் பேசியவர்களின் பின்வாசலில் ஒரு சேரி இருந்தது.

ஆயாவே இதற்கு ஒரு வார்த்தை வைத்திருந்தார்: "எங்க லைனுக்குள்ளயும் ஒரு ஊரு இருந்திருக்குது, எனக்குத்தான் தெரியல. இங்க வந்து செருப்பக் கழட்டினப்புறந்தான் அந்தத் தண்ணி ஊத்தினது ஞாபகம் வந்துச்சி."

ஊர் என்பது ஒரு இடத்தின் அளவைப் பொறுத்தது இல்லை என்பதை இதிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். அது ஒரு பழக்கம். பெரிய நகரத்துக்குப் போனாலும் அதை நாம் மூட்டையோடு கட்டி எடுத்துப்போகிறோம். நகரம் நமக்குக் கொடுப்பது ஒரு வாய்ப்பு மட்டும்தான். பழைய புத்தகத்தை மூடிவைத்துப் புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கும் வாய்ப்பு. அதில் யாருக்குப் பக்கம் ஒதுக்குகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

6

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்களை மூடினார்கள். ஆயாவின் தம்பி, எங்களுக்குச் சின்னத் தாத்தா, வேலையிலிருந்து ஓய்வுபெற்று லைனிலேயே இருந்தார். அவர் மகன்தான் வேலையிழந்தார். மூடிய ஒரு வருஷம் கழித்து ஆயாவோடு போயிருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. சயனைடு மேடு வெள்ளைவெளேரென்று மலைபோல நின்றது. காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வந்து சோற்றில் விழும். சங்கு ஊதாத ஊரில் எத்தனை மணி என்றே தெரியவில்லை என்று தாத்தா சொல்லிக்கொண்டிருந்தார்.

பிற்பாடு பலமுறை போயிருக்கிறேன். மாமா மகன் மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறான். அவனைப் போல ஆயிரக்கணக்கானோர். செக்யூரிட்டி, கட்டடவேலை, கம்பெனி ஹவுஸ்கீப்பிங், படித்த பிள்ளைகள் ஆபீஸ் வேலை. போக இரண்டு மணிக்கு மேல், வர அதே அளவு. ஒருமுறை அவனோடு நானும் போனேன். ஒரு பெட்டியில் ஒரே கூட்டம் வருஷக்கணக்காகச் சேர்ந்து போகிறது. அதற்குள் சீட்டு நடக்கிறது, பிறந்தநாளுக்கு கேக் வெட்டுகிறார்கள், ஒருவர் வரவில்லை என்றால் போன் போடுகிறார்கள். லைன் ரயிலேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். "பெங்களூருல வீடு எடுக்கலையா?" என்றேன். "வாடகை ஒரு பக்கம். வீடு பாக்கப் போனா என்ன ஆளுங்கன்னு சுத்திவளச்சு கேப்பான், மாமா. இங்க யாரும் கேக்கமாட்டாங்க. செத்தா தூக்க நாலு பேரு இங்கதான் இருக்கான்" என்றான்.

2018இல் தங்கவயலின் பேரை வைத்து ஒரு கன்னடப் படம் வந்து நாடெங்கும் ஓடியது. அதில் எங்கள் சனத்தின் வரலாறு இல்லை. 2024இல் 'தங்கலான்' வந்தபோது, தங்கம் தோண்டியவர்கள் யார் என்பதையாவது திரையில் பேசினார்கள். ஆனால் ஒரு நகரத்தின் வரலாற்றை சினிமாவிடம் விட்டுவிட முடியாது. லைன்களில் இருக்கும் கிழவிகள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். மாணவத் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஆய்வுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டாம். ஒரு டேப்போ போனோ எடுத்துக்கொண்டு மாரிக்குப்பம் ரயில் ஏறுங்கள். தெலுங்கு பேசுகிற லைனுக்கும் மறக்காமல் போங்கள்.

7

கடைசியாக எங்கள் காலனி.

அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி 1991இல் காலனி முகப்பில் சிலை வைத்தார்கள். நான் அதற்கு முன்னும் பின்னுமாகப் பிறந்த தலைமுறை. சில வருஷமாக ஏப்ரல் 14ஐ நாங்களே விழாவாக எடுக்கிறோம். படிப்பகம் ஒன்று நடத்துகிறோம், சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன். டவுனின் திருவிழாவுக்கு மாற்றாக எங்களுக்கென்று ஒரு திருநாள். அதற்கு நாங்களும் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகிறோம். புத்தகம் என் பொறுப்பில் இருக்கிறது.

காலனிக்குப் பின்னால், ஓடையை ஒட்டிப் பதினாலு வீடு இருக்கிறது. அருந்ததியர். அப்பாவும் தாத்தாவும் நகராட்சியில் துப்புரவுப் பணி செய்த குடும்பங்கள். ஆயாவின் பிணத்தைத் தூக்கிப்போனபோது அவர்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போனோம். எழுந்து நின்றார்கள். எங்கள் வரிப்புத்தகத்தில் அந்தப் பதினாலு வீட்டுக்குப் பக்கம் இல்லை. மூன்று வருஷம் நான் கவனிக்கவேயில்லை. கவனித்தது ஆயாவின் பதிவைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு ராத்திரியில்.

போன கூட்டத்தில் இதை எடுத்தேன். "அவங்ககிட்ட எதுக்குப்பா காசு வாங்கணும், பாவம்" என்றார் ஒரு பெரியவர். என் அப்பாவின் வயது. நல்லவர். சிலை வைக்க மண் சுமந்தவர். "பாவம்னு விடல பெரியப்பா. வாங்கினா ஊர்வலம் அவங்க வாசல்ல நிக்கணும், அவங்க கையால பந்தியில பரிமாறணும். அதுக்குத்தானே வாங்கல?" என்றேன். சத்தம் கூடிவிட்டது. ரெண்டு பேர் எழுந்து போனார்கள். "நாலு எழுத்து படிச்சிட்டு காலனிய ஒடைக்கப் பாக்குறான்" என்று ஒருவர் வெளியே போய்ச் சொன்னாராம். அந்தப் பதினாலு வீட்டில் ஒரு பையன், ஐ.டி.ஐ. முடித்தவன், என்னிடம் தனியாக வந்து சொன்னது இன்னும் கஷ்டமாக இருந்தது: "அண்ணே, நீங்க வந்து கேட்டா நாங்க குடுக்கணுமா வேணாமான்னு எங்களையும் கேக்கணும்ல?"

சரியான கேள்வி. அவனிடம் பதில் ஒன்றும் சொல்லவில்லை. சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்வதிலும் ஒரு ஊர்க்காரத் தோரணை இருக்கத்தான் செய்கிறது.

அடுத்த கூட்டம் வருகிற ஞாயிறு. இந்தத் தடவை படிப்பகத்தில் வேண்டாம், ஓடைக்கரையில் அவர்கள் தெருவில் வைத்துக்கொள்ளலாமா என்று அந்தப் பையனிடம் கேட்டிருக்கிறேன். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான். எங்கள் பக்கத்திலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு நான் போவேன்.